சுளுக்கும் சொடக்கும்

கள்ளக்குறிச்சியில் மூட்டை தூக்குபவருக்கும், கல்வராயன் மலையில் மரவள்ளிக்கிழங்கு தோண்டித் தலைச்சுமையாய் இறக்குபவருக்கும் இடுப்புப் பிடிப்பு பழகிய வலி. பிடித்துக்கொண்டால் முதலில் தேடுவது சுளுக்கு எடுப்பவரைத்தான். எண்ணெய் தடவி உருவுவார், மூன்று நாள் வரச் சொல்வார், வெற்றிலைபாக்கில் வைத்ததை வாங்கிக்கொள்வார். நகரத்து ஏசி அறையில் முதுகெலும்பை அழுத்தித் திருப்பும் கைரோபிராக்டிக் இதற்குத் தூரத்து உறவு. 1895இல் அமெரிக்காவின் டேவன்போர்ட்டில் டி.டி.பாமர் தொடங்கியது. எலும்பு விலகுவதால் நரம்பு நசுங்கி நோய் வருகிறது என்பது அவர் கொள்கை.

அந்தக் கொள்கைக்கு இன்றுவரை உறுதியான சான்றில்லை. சிகிச்சையில் கேட்கும் 'டக்' சத்தமும் எலும்பு இடத்துக்குத் திரும்பிய சத்தமல்ல. மூட்டுத் திரவத்தில் வாயுக்குமிழி உண்டாவதோடு வருவது. காணொளிகளில் ஓடுவதென்னவோ அந்தச் சத்தம்தான்.

கொள்கை பொய்த்தாலும் கைக்குப் பலன் உண்டு. நாள்பட்ட இடுப்புவலி பற்றிய 47 ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளியான அலசல், முதுகை அழுத்தித் திருப்பும் முறை உடற்பயிற்சி போன்ற பரிந்துரைக்கப்பட்ட வழிகளுக்கு ஏறக்குறைய ஈடு என்கிறது. ஈடு, மேல் அல்ல. சிகிச்சைக்குப் பின் ஓரிரு நாள் உடம்பு வலிக்கலாம். சில வாரங்களில் குனிவதும் நடப்பதும் எளிதாக வேண்டும். புதிதாய் வந்த பிடிப்பு பெரும்பாலும் ஆறு வாரத்துக்குள் தானே தணிந்துவிடும். பாராட்டு மட்டும் கடைசியாகத் தொட்ட கைக்குப் போகும்!

என் குறை, சில கைரோபிராக்டிக் நிலையங்கள் இருபது அமர்வுக்கு முன்பணம் வாங்கும் வழக்கத்தின் மேல். வலி போன பிறகும் 'பராமரிப்பு' என்று வரச் சொல்வது மருத்துவமல்ல, சந்தா. மூன்று நாளோடு நிறுத்தும் சுளுக்கு எடுப்பவரிடம் இந்த ஒன்றையாவது கற்கலாம்.

அதற்காக அவரைத் தூக்கிப் பிடிக்கவும் முடியாது. முதுகெலும்பில் காசநோய் இருந்தால் அழுத்துவது ஆபத்து. அதைத் தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எலும்பு முறிவுக்குப் போடும் 'புத்தூர் கட்டு' இறுகினால் ரத்த ஓட்டம் நின்று, சில மணி நேரத்தில் தசை செத்துவிடும். கழுத்தை வெடுக்கென்று திருப்பினால், அரிதாக என்றாலும், ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரலாம். இது கைரோபிராக்டருக்கும் பொருந்தும்.

தவறு நடந்தால் யாரைக் கேட்பது? ஆயுஷ் முறைகளில் கைரோபிராக்டிக் இல்லை. சித்த மருத்துவம் ஆயுஷில் உண்டு; அதில் தொக்கணம் என்னும் தடவுமுறை ஒன்பது வகை. செய்பவர் பதிவுபெற்ற பட்டதாரி என்றால் பொறுப்புக்கு ஆள் உண்டு. ஆகவே கைவைக்கும் முன் கேளுங்கள்: எங்கே படித்தீர்கள், எத்தனையாவது முறையில் பலன் இல்லையென்றால் நிறுத்துவீர்கள்?

இரவில் கூடும் வலி, காய்ச்சல், எடை குறைதல், கால் மரத்துப்போதல், சிறுநீர் அடைப்பு. இவற்றில் ஒன்று இருந்தாலும் தடவல் வேண்டாம். வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக இறங்கி, சிறுவங்கூர் அரசு மருத்துவக் கல்லூரிக்கு அன்றே போய்விட வேண்டும். மலைப்பாதையில் இறங்கவே நேரமாகும் என்பதால், மூன்று நாள் பார்த்துவிட்டுப் போகலாம் என்ற கணக்கு இங்கே உதவாது.