பறிக்கும் கை

கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்குச் சாயங்காலம் வருகிற கூட்டம் அலையைப் பார்க்கும், மிளகாய் பஜ்ஜி வாங்கும், இருட்டியதும் திரும்பிப் போகும். கால்மாட்டில் மணலைப் பற்றிக்கொண்டு ஓடுகிற அடப்பங்கொடியை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. பழைய நூல்களில் அதற்கு அடும்பு என்று பெயர். நடுவில் பிளந்த அந்த இலையைச் சங்கப் புலவர் மானின் குளம்புக்கு ஒப்பிட்டார். அதைவிடப் பொருத்தமாகச் சொல்ல இன்றுவரை யாருக்கும் வரவில்லை. வலையோடு சொறி என்கிற ஜெல்லி மீன் வந்து, கை தடித்து எரியும்போது கடற்கரைக்காரர்கள் இந்த இலையைக் கசக்கிப் பிழிந்து தடவுவார்கள். தாய்லாந்துக் கரையிலும் இதே வழக்கம் உண்டு. ஜெல்லி மீன் நஞ்சுக்கு எதிராக இந்தக் கொடியின் சாறு என்ன செய்கிறது என்று ஆய்வுக்கூடத்திலும் வைத்துப் பார்த்துவிட்டார்கள்.

எனக்குச் சாற்றைவிட, அதைப் பறிக்கும் விதத்தில்தான் ரசனை. அடும்புக்குக் கணுவுக்குக் கணு வேர் இறங்கும். தெரியாதவன் கொடியைப் பிடித்து இழுப்பான். நாலடி நீளத்துக்கு மணல் மேடே பெயர்ந்து வரும். தெரிந்தவன் கொடியைத் தொடுவதே இல்லை. முற்றலும் இல்லாமல் கொழுந்தும் இல்லாமல் நடுத்தர இலையாகப் பார்த்து, காம்பை மட்டும் கிள்ளி, ஒரே இடத்தில் இரண்டாவது இலைக்குக் கை வைக்காமல் நகர்ந்துவிடுவான். கொடிக்குத் தன்னிடமிருந்து எடுத்தார்கள் என்றே தெரியாது.

நம் வைத்தியத்தில் அரைக்கிற கைக்கும் நாடி பிடிக்கிற கைக்கும் உள்ள மரியாதை பறிக்கிற கைக்கு இல்லை. பட்டியலில் அது கடைசி. என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் வைப்பேன். பறிப்பதில் தவறு நேர்ந்தால் பிறகு எத்தனை சாமம் அரைத்தும், எத்தனை முறை துணியில் சலித்து வஸ்திரகாயம் செய்தும் ஒன்றும் ஆகப்போவதில்லை.

சித்த மரபு இதை அறிந்திருந்தது. அதனால்தான் பறிப்பதற்கென்று தனியாக ஒரு சடங்கே வைத்தது. மூலிகைகளுக்குச் சாபம் உண்டு என்பது நம்பிக்கை. சாப நிவர்த்தி செய்யாமல் எடுத்தால் மருந்து பலிக்காது. முந்தின நாளே செடியிடம் போய் மஞ்சள் நூலால் காப்புக் கட்டவேண்டும். மறுநாள் விடியலில் குளித்து வந்து அடியில் நீர் தெளித்து, தூபம் காட்டி, படையல் வைத்து, மந்திரம் சொல்லி, இரும்பு படாமல், ஆணிவேர் அறாமல் எடுக்கவேண்டும். எடுப்பவனின் நிழல் செடிமேல் விழக்கூடாது. சிலவற்றுக்கு வடக்கே ஓடிய வேர்தான் விசேஷம். பூச நட்சத்திரமும் ஞாயிற்றுக்கிழமையும் கூடி வந்தால் இன்னும் உத்தமம்.

இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று ஒதுக்குகிறவர்களும் உண்டு. ஒரு எழுத்து மாற்றாமல் அப்படியே நம்புகிறவர்களும் உண்டு. நான் இதை ஒரு கைவினைஞனின் வேலைமுறையாகப் படிக்கிறேன். காப்பு முந்தின நாள் கட்டவேண்டும் என்றால் என்ன அர்த்தம்? நல்ல வெளிச்சத்தில் ஒருமுறை வந்து, இலையும் பூவும் காயும் பார்த்து, இதுதான் அது என்று தீர்மானித்து அடையாளம் வைத்துவிட்டுப் போகவேண்டும். மறுநாள் அரையிருட்டில் வருகிறவனுக்கு ஆள்மாறாட்டம் நேராது. நிழல் விழாமல் நிற்கச் சொன்னால் செடிமேல் வெளிச்சம் இருக்கும்படி நிற்கவேண்டியிருக்கிறது. வடக்கு வேரைத் தேடுகிறவன் சுற்றிலும் மண்ணை விரலால் அகழ்ந்தாக வேண்டும். அவசரத்தில் கொத்தினால் வேர் எந்தப் பக்கம் ஓடியதென்றே தெரியாது. இரும்பை விலக்கினாலே வேகம் பாதியாகக் குறைந்துவிடும்.

மந்திரங்களில் எனக்குப் பெரிய ஈடுபாடு கிடையாது. ஆனாலும் சாப நிவர்த்தி மந்திரத்தின் கோரிக்கை என்னைப் பலமுறை யோசிக்க வைத்திருக்கிறது. செடியின் உயிர் செடியின் உடலிலேயே நிற்கவேண்டும் என்று அது வேண்டுகிறது. பறித்தவன் தன் நோயாளிக்காகக் கேட்பதற்கு முன்னால் செடிக்காக ஒன்று கேட்கிறான். உலகத்தின் மறு கோடியில், பொட்டவாட்டமி பழங்குடியைச் சேர்ந்த தாவரவியலாளர் ராபின் வால் கிம்மரர் 2013-ல் வெளியிட்ட நூலில் தம் மக்களின் பறிப்பு நெறியைச் சொல்கிறார்: முதலில் கண்ணில் பட்ட செடியை எடுக்காதே, கடைசியாக இருப்பதையும் எடுக்காதே, எடுக்குமுன் கேள், புகையிலை வைத்துவிட்டு எடு. நம் ஊர் மஞ்சள் நூலும் அவர்கள் ஊர்ப் புகையிலையும் ஒரே வீட்டுப் பண்டம் போலத்தான் எனக்குத் தோன்றுகிறது.

ஆள்மாறாட்டம் என்றேனே, அது சின்ன விஷயமில்லை. கீழாநெல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். கடலூரைச் சுற்றி மழை பெய்தால் வரப்பெல்லாம் அதுதான். இலைக்காம்பின் அடியில் வரிசையாகக் காய் தொங்கும். செங்கீழாநெல்லிக்கும் அப்படித்தான் தொங்கும். தண்டில் ஓடும் சிவப்பையும், காயின் மேல்தோல் சொரசொரப்பாக இருப்பதையும் கண்டுதான் பிரிக்கவேண்டும். 1988-ல் சென்னை ஆய்வாளர் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் கீழாநெல்லித் தூளை ஹெபடைடிஸ் பி கிருமி தாங்கியவர்களுக்குக் கொடுத்துப் பார்த்து, லான்செட் இதழில் எழுதினார்கள். மருந்து உண்டவர்களில் 59 சதவீதம் பேருடைய ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்திருந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு இடங்களில் நடந்த சோதனைகளில் அதே பலன் கிடைக்கவில்லை. காரணம் பலவாக இருக்கலாம், முதல் சோதனை சிறியது என்பதும் அதில் ஒன்று. ஆனால் பழைய பறிகாரன் ஒருவனிடம் இந்தச் செய்தியைச் சொல்லியிருந்தால் அவன் புள்ளிவிவரம் கேட்டிருக்கமாட்டான். எந்த மண்ணில் நின்றது, எந்த மாதம் எடுத்தது, காய் முற்றியிருந்ததா என்றுதான் கேட்டிருப்பான்.

கெடில ஆற்றின் கரையில் திருவந்திபுரத்தில் ஒரு சின்னக் குன்று உண்டு, பெயர் ஔஷதகிரி. அனுமன் தூக்கிப்போன சஞ்சீவி மலையிலிருந்து சிதறிய துண்டு என்பார்கள். தமிழ்நாட்டில் இப்படிச் சிதறிய துண்டுகள் பல ஊரில் இருப்பதால் அந்தக் கதையில் நான் அதிகம் தங்குவதில்லை. ஆனால் மூலிகை எது என்று தெரியாமல் மலையையே பெயர்த்துக்கொண்டு போனவன் வீரனே தவிர, பறிகாரன் இல்லை.

பறிகாரர்களின் ஆதி முனிவர் சிதம்பரத்தில் இருக்கிறார். வியாக்கிரபாதர், புலிக்கால் முனிவர். தில்லைவனத்தில் இறைவனுக்குப் பூ எடுத்தவர். விடிந்தபின் எடுத்தால் வண்டு வாய் வைத்துவிடுகிறது. இருட்டில் எடுத்தால் பழுதான பூ எது என்று தெரியவில்லை, மரமும் பனியில் வழுக்குகிறது. அவர் இறைவனிடம் வீடுபேறு கேட்கவில்லை. மரமேறப் புலியின் கால், இருட்டில் பார்க்கக் கண். வேலைக்காரன் கேட்கிற வரம் இது. ஏணியும் விளக்கும் கேட்டதற்குச் சமம். நம் புராணங்களில் இவ்வளவு நடைமுறையான பிரார்த்தனை வேறு இருப்பதாக எனக்கு நினைவில்லை.

அவர் கண் கேட்ட காடு எது என்பதையும் பார்க்கவேண்டும். தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுத்துவிடும். தோலில் பட்டால் கொப்பளிக்கும். இன்று அந்த மரத்தைக் காடாகக் காணச் சிதம்பரத்திலிருந்து பிச்சாவரம் போகவேண்டும். வெள்ளாற்று முகத்துக்கும் கொள்ளிட முகத்துக்கும் நடுவே சுரபுன்னையும் வெண்கண்டலும் அடர்ந்த சதுப்பில் அதுவும் ஒன்றாக நிற்கிறது. உதிரும் முன் இலை செம்பழுப்பாகக் கனியும். அந்த நிறத்தை வைத்துத் தூரத்திலேயே சொல்லிவிடலாம். தெரிந்தவர்கள் கிளையை விலக்கிக்கொண்டு போவார்கள், ஒடிக்கமாட்டார்கள். செடியோடு பேசுவது என்றால் அது எப்போதும் சம்மதமே சொல்லும் என்று எண்ணுகிறவர்களுக்கு இந்த மரத்தைக் காட்டவேண்டும். ஒரு பெரிய கோயிலின் தலமரமாக, தொட்டால் மறுக்கிற ஒரு மரத்தை வைத்திருக்கிறோம். அந்தத் தேர்வு எனக்கு மிகவும் பிடிக்கும்.

செடி பேசுமா என்பதைக் கருவி வைத்துக் கண்டுபிடிக்க முயன்றவர்களும் உண்டு. ஜகதீச சந்திர போஸ் 1901-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில், நஞ்சு பட்ட செடியின் துடிப்பை எல்லோரும் பார்க்கும்படி காட்டினார். அது மதிக்கத்தக்க அறிவியல். 1966-ல் அமெரிக்காவில் கிளீவ் பாக்ஸ்டர் என்பவர் பொய் கண்டறியும் கருவியை அலுவலகத் தொட்டிச் செடியில் மாட்டி, மனிதன் நினைப்பதெல்லாம் செடிக்குத் தெரிகிறது என்றார். மற்றவர்கள் முறையாகச் செய்து பார்த்தபோது அப்படி எதுவும் வரவில்லை. ஆனாலும் அந்தக் கதை இன்னும் ஓய்ந்தபாடில்லை. செடிக்குப் பொய் கண்டறியும் கருவி மாட்டுவதே எனக்கு அநாகரிகமாகப் படுகிறது. விருந்துக்குப் போன வீட்டில் அலமாரியைத் திறந்து பார்ப்பதுபோல. நற்றிணையில் நெய்தல் நிலத்துப் பெண் ஒருத்தி, தான் விளையாட்டாகப் புதைத்த விதையிலிருந்து வளர்ந்த புன்னையைத் தன் தங்கையாகக் கருதி, அதன் முன் காதலனோடு சிரித்துப் பேச வெட்கப்படுகிறாள். அவள் எந்தக் கருவியையும் மாட்டவில்லை.

இந்த வட்டாரத்தில் இந்தப் பேச்சை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோனவர் வள்ளலார். சிதம்பரத்துக்குப் பக்கத்து மருதூரில் 1823-ல் பிறந்தவர், கருங்குழியில் வாழ்ந்தவர், 1867-ல் வடலூரில் தருமசாலை தொடங்கியவர். பயிர் வாடக் கண்டு தாமும் வாடியதை அவர் பாடியது எல்லோருக்கும் தெரியும். மேடைகளில் சொல்லிச் சொல்லி அது தேய்ந்தும் போய்விட்டது. மூலிகைகளின் குணங்களை அவர் நீளமான அட்டவணையாக எழுதி வைத்தார் என்பது அவ்வளவாகத் தெரியாது. அட்டவணை என்றால் நிஜமாகவே அட்டவணை: செடியின் பெயர், அது செய்யும் வேலை. மறைபொருள் இல்லை, குழூஉக்குறி இல்லை, சாபம் இல்லை. சித்தர் நூல்கள் பூட்டி வைத்ததை அவர் அடுப்படிக்குக் கொண்டுவந்தார். கரிசாலை என்கிற கரிசலாங்கண்ணி, தூதுவளை, முசுமுசுக்கை, கொஞ்சம் சீரகம். கரிசாலை கூடுதலாக, மற்றவை குறைவாக. காய்ச்சிப் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காலையில் குடிக்கவேண்டும். அவர் வழி நடக்கும் சன்மார்க்கத்தார் வீடுகளில் இன்றும் காபிக்குப் பதில் இதுதான். கசப்பு என்று முகம் சுளிக்க ஒன்றுமில்லை, இரண்டு நாளில் நாக்கு பழகிவிடும்.

அவர் உயர்வாகச் சொன்ன பொற்றலைக் கையாந்தகரை மஞ்சள் பூப் பூக்கும் கரிசாலை. இப்போது அந்தப் பெயரில் பலர் தொட்டியில் வளர்ப்பது அழகுக்காக வெளிநாட்டிலிருந்து வந்த படர்செடி. அதற்கும் மஞ்சள் பூதான், அதுவும் தரையில்தான் படரும். இலையைப் பாருங்கள்: மூன்று மடலாகப் பிரிந்து பளபளவென்று இருந்தால் அது வேறு. காப்பு நூல் கட்டுகிற பழக்கம் இருந்திருந்தால் இந்தக் குழப்பம் இவ்வளவு தூரம் பரவியிருக்காது. இடத்தையும் பார்க்கவேண்டும். ஈரத்தில் நிற்கிற செடி அந்த ஈரத்தில் உள்ளதையெல்லாம் உறிஞ்சும். சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகள் வந்தபிறகு கடலூர்ப் பக்கத்துப் பறிகாரனுக்குப் பஞ்சாங்கத்தோடு ஆற்று நீரின் நிறத்தையும் பார்க்கவேண்டிய வேலை சேர்ந்திருக்கிறது.

வள்ளலார் பறித்தலைப் பற்றியே நேராகப் பேசிய இடம் ஜீவகாருண்ய ஒழுக்கத்தில் வருகிறது. மரம், புல், நெல் ஆகியவையும் உயிர்தானே, அவற்றைத் தின்பதும் கொலைதானே என்ற கேள்வியை அவரே எழுப்பிக்கொள்கிறார். தாவரங்கள் உயிருள்ளவைதான், தொடு உணர்வு மட்டும் கொண்டவை என்று ஒப்புக்கொண்டு தொடங்குகிறார். பிறகு, நாம் எடுப்பது வித்தும் காயும் பழமும் பூவும் இலையும்தான். நகத்தையும் மயிரையும் நீக்கும்போது நமக்கு உயிர் போவதில்லை, அதுபோல் இவற்றை எடுக்கும்போது செடிக்கும் உயிர் போவதில்லை என்கிறார். சாப நிவர்த்தி மந்திரம் வேண்டிக்கொண்டதை அவர் வாதத்தால் நிறுவப் பார்க்கிறார்: செடியின் உயிர் செடியிலேயே நிற்கவேண்டும். மந்திரக்காரர் அதைக் கேட்டுப் பெறப் பார்த்தார். இவர் எதை எடுக்கலாம் என்று எல்லை போட்டுப் பெறப் பார்த்தார். எனக்கு இரண்டாவது முறைதான் கனமானதாகத் தெரிகிறது. அதில் ஏமாற்ற இடம் குறைவு.

ஆனால் ஓர் இடத்தில் இந்த எல்லை இடிக்கும். கீழாநெல்லிக்குச் சமூலம் வேண்டும், வேரோடு. நகமும் மயிரும் என்ற கணக்கு அங்கே செல்லாது. காமாலைக்காரன் வாசலில் நிற்கும்போது வாதம் பேசிக்கொண்டிருக்கவும் முடியாது. நல்ல பறிகாரர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள், எந்தச் சுவடியையும் காட்டாமல். காய் முற்றிய செடியாகப் பார்த்து, கூட்டத்தில் ஒன்றுவிட்டு ஒன்று பிடுங்கி, வேர்மண்ணை வீட்டுக்குக் கொண்டுபோய் உதறாமல் அதே குழிமேல் பிடித்து உதறுகிறார்கள். கீழாநெல்லிக் காய் முற்றிக் காய்ந்தால் வெடிக்கும். மண்ணோடு விதையும் அங்கேயே விழுந்துவிடுகிறது. அடுத்த மழைக்கு அதே வரப்பில் மறுபடி பறிக்க வரலாம்.