பட்டியலும் அதிகாரமும்

மாவடிப்பள்ளியிலிருந்து ஒருவர் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் கேட்டால், அவ்வழைப்பை ஏற்பவர் நாட்டின் மறுகோடியில், இராஜகிரியவில் இருக்கிறார். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய இச்சேவை பின்னர் நாடெங்கும் விரிந்தது. ஏழையின் வாசலுக்கும் வண்டி வருவது சிறு காரியமன்று. ஆயினும் வண்டி வந்த பின்னர், நோயாளியைப் பற்றிய செய்தி ஒருவர் வாயிலிருந்து மற்றவர் செவிக்கு எவ்விதம் போய்ச் சேருகிறது? இக்கேள்வியை மனத்திற் கொண்டே அதுல் கவாண்டேயின் ‘த செக்லிஸ்ட் மானிஃபெஸ்டோ’ (2009) என்னும் நூலை நாம் படித்தோம்.

கவாண்டே சத்திரசிகிச்சை நிபுணர். உலக சுகாதார ஸ்தாபனத்துக்காக அவரும் பிறரும் வகுத்த பட்டியலில் 19 அம்சங்கள் உள்ளன. கத்தி வைக்குமுன் எல்லோரும் தத்தம் பெயரையும் பணியையும் கூறவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. எட்டு நகரங்களில் இதனைப் பரீட்சித்தபோது மரண விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது.

நூலின் உயிரான பகுதி வேறிடத்தில் இருக்கிறது. 2001இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில், பெருநாளத்திற் குழாய் செலுத்துவதற்கு ஐந்து படிகளைப் பீட்டர் புரொனொவோஸ்ட் எழுதி வைத்தார். கை கழுவுதல் முதலான எளிய படிகளே அவை. வைத்தியர் ஒரு படியைத் தவறவிட்டால் தாதி அவரைத் தடுத்து நிறுத்தலாம் என்று நிர்வாகம் அதிகாரமும் அளித்தது. பத்து நாளிற் காணும் தொற்று 11 சதவீதத்திலிருந்து பூச்சியமாயிற்று. இங்கே வேலை செய்தது காகிதமா, அவ்வதிகாரமா? கவாண்டே இரண்டையும் சொல்கிறார். ஆனால் பட்டியலின் புகழ் பாடும் வேகத்தில் இரண்டாவதைக் கடந்து போய்விடுகிறார். வைத்தியரின் ஆணவம் அவருக்கு ஒழுக்கக் குறைபாடாகத் தெரிகிறது. சமூகப் படிநிலையின் விளைவாகத் தெரியவில்லை.

நூல் வந்தபின் கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் இப்பட்டியலைக் கட்டாயமாக்கிற்று. 101 வைத்தியசாலைகளை ஆராய்ந்து 2014இல் வெளியான முடிவு, மரணம் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை என்பதே. அங்கும் படிவங்கள் ஏறத்தாழ முழுமையாகவே நிரப்பப்பட்டதாக வைத்தியசாலைகள் அறிக்கை கொடுத்திருந்தன!

நம் நாட்டில் மொழியும் இப்படிநிலையிற் சேர்ந்துகொள்கிறது. நோய்க்குறிப்பு ஆங்கிலத்தில். மேற்சிகிச்சைக்காகச் சிங்களம் வழங்கும் ஊருக்குப் பிள்ளையைக் கொண்டுசென்ற உம்மாவிடம் தமிழ் மட்டுமே உண்டு. இன்ன மருந்து பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாது என்று அவள் சொல்வதை, இரு மொழியும் தெரிந்த சிற்றூழியர் ஒருவர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வாமை பற்றிய கேள்வி கவாண்டேயின் பட்டியலிலும் உண்டு. ஆனால் தள்ளுவண்டியைப் பிடித்து நிற்கும் அம்மனிதர் குறுக்கிட்டுப் பேசினால் வைத்தியர் கையை நிறுத்துவாரா, அல்லது அவர் வெளியே அனுப்பப்படுவாரா?