நான்காம் ஆண்டு யாருக்கு?

"மூணு வருசத்துல நிறுத்திக்கிட்டாலும் டிகிரி குடுத்துருவாகள்ல டீச்சர்?"

ராஜபாளையத்தில் தன் வீட்டு வாசலில் வைத்து அந்தத் தகப்பனார் என்னிடம் கேட்டார். மகளுக்கு டெல்லியில் ஒரு கல்லூரியில் வரலாறு ஆனர்ஸ் படிக்க இடம் கிடைத்திருந்தது. அவர் மில் தொழிலாளி. பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்கிறவர் அல்ல. நான்காம் வருடத்தை மட்டும் அவரால் ஏற்க முடியவில்லை. அது கல்யாணத்துக்கென்று அவர் மனதில் ஒதுக்கிவைத்த வருடம்.

அவர் கேள்விக்கு விதிப்படி "ஆமாம்" என்பதே பதில். பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்ட ஆவணம் அதைத்தான் சொல்கிறது. ஓராண்டில் நின்றால் சான்றிதழ், இரண்டாண்டில் டிப்ளமோ, மூன்றாண்டில் பட்டம், நான்கையும் முடித்தால் ஆனர்ஸ். முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடு எடுத்தவர்கள் நான்காம் ஆண்டில் ஆய்வும் செய்யலாம். இடையில் போனவர் மூன்றாண்டுக்குள் திரும்பி வரலாம். மொத்தம் ஏழாண்டுக்குள் முடித்துவிட வேண்டும்.

இதை நெகிழ்வு என்கிறார்கள். ஓர் இலக்கியப் பிரதியைப் போல இதை வாசித்துப் பார்த்தேன். இது பேசும் மாணவருக்குப் பாலும் இல்லை, வீடும் இல்லை. அவர் தானே முடிவெடுத்து வெளியே போகிறார், தானே முடிவெடுத்துத் திரும்புகிறார். எங்கள் ஊர்களில் படிப்பை விட்டு வெளியேறும் வாசல் பெண்களுக்கு எப்போதும் திறந்தே இருந்திருக்கிறது. அதற்கு மானியக் குழு தேவைப்படவில்லை. மூன்றாண்டில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் முடிந்து, கையில் குழந்தையும் இருக்கும். அவள் திரும்பி வர விடுதியில் இடம் உண்டா, செலவை யார் தருவார்கள் என்பதல்லவா உண்மையான கேள்வி?

ஆனர்ஸ் நமக்குப் புதிதல்ல. தலச்சேரியில் பிறந்த ஜானகி அம்மாள் 1921இல் சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் ஆனர்ஸ் முடித்தார். வீட்டில் பேசிய கல்யாணத்தைத் தவிர்த்து, உதவித்தொகை பெற்று மிச்சிகன் பல்கலைக்கழகம் போனார், 1931இல் முனைவரானார். படிக்கக் கிடைத்த காலம்தான் அவரைத் தாவரவியலாளர் ஆக்கியது. வசதியும் படிப்பும் உள்ள குடும்பம் என்பதால் அந்தக் காலம் அவருக்குக் கிடைத்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

தமிழ்நாடு மூன்றாண்டுப் பட்டத்தையே தொடர்கிறது. இடையில் வெளியேறும் வழி இடைநிற்றலை வளர்க்கும் என்ற எதிர்ப்பில் எனக்கும் உடன்பாடுதான். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவியாகவும் தாலிக்குத் தங்கமாகவும் தந்துவந்த திட்டத்தை 2022இல் உயர்கல்வித் திட்டமாக மாற்றியதும் இதே அரசுதான். அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய். தாலிக்குப் போன பணம் கல்லூரிக்குத் திரும்பியதை நான் பெரிய திருப்பமாகவே பார்க்கிறேன். ஆனால் அதுவும் இளநிலையோடு நின்றுவிடுகிறது. ஆய்வு செய்ய ஆசைப்படும் பெண் அதற்குமேல் மறுபடியும் அப்பாவிடம்தான் கேட்க வேண்டும்.

பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஸ்ரீவில்லிபுத்தூர். திருப்பாவை முப்பதும் நாச்சியார் திருமொழி நூற்று நாற்பத்து மூன்றும் பாடிய கோதையின் ஊர். மார்கழியில் திருப்பாவை எங்கும் கேட்கும். நாச்சியார் திருமொழியில் கல்யாணக் கனவைச் சொல்லும் 'வாரணமாயிரம்' பகுதி வைணவத் திருமணங்களில் ஒலிக்கும். உடலின் தவிப்பையும் கோபத்தையும் மறைக்காமல் பேசும் மற்ற பாசுரங்களுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. ஊரார் பார்த்துவைக்கும் வரனை மறுத்த கவிஞரை நாம் மணப்பெண்ணாகவே நினைவில் வைத்திருக்கிறோம். வகுப்பில் நானும் பல வருடம் அப்படித்தான் நடத்தினேன். பருவத் தேர்வுக்குள் பாடத்தை முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் விட்டுப்போனவை அந்தக் கடினமான பாசுரங்கள்தான். அவற்றோடு ஒரு மாணவி உட்கார்ந்து மல்லுக்கட்ட ஒரு வருடம் வேண்டும். ஆனர்ஸ் என்ற பெயரை நீக்கிவிட்டுப் பார்த்தால், நான்காம் ஆண்டின் பொருள் அதுதான்.

ஆகவே என் கேள்வி மூன்றா நான்கா என்பதல்ல. அந்த ஒரு வருடத்தை, உதவித்தொகையோடும் விடுதியோடும், அவளுடைய உரிமையாக யார் தருவார்கள்?

தகப்பனாரிடம் நான் பொய் சொல்லவில்லை. "குடுப்பாங்க அண்ணே. ஆனா அவ படிக்கப்போறது நாலு வருசப் படிப்பு" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. கதவருகே நின்ற மகள் மட்டும் நிமிர்ந்து பார்த்தாள். இப்போது அவள் டெல்லியில் இருக்கிறாள். மூன்று வருடத்துக்கு அனுமதி வாங்கிவிட்டாள். நான்காவது வருடத்தைப் பற்றி அந்த வீட்டில் இன்னும் பேச்சு நடக்கிறது.