இரும்புக்கை மாயாவியும் முதிர்ந்த வாசகரும்

அதிவீரர் சித்திரக் கதைகளும் படங்களும் சிறுவர்க்கே உரியன. மீசை முளைத்தபின் அவற்றை விட்டுவிடல் வேண்டும் என்பார் உளர். 'வாட்ச்மென்' என்னும் சித்திர நெடுங்கதையை எழுதிய ஆலன் மூரே, பெரியவர்கள் அத்தகைய நாயகரைப் பற்றி நிற்பது கவலைக்குரியது என 2022-இல் கூறினார். நம் தமிழாசிரியர் பலர்க்கும் இஃது உவப்பான கருத்தே. ஆயினும் தொல்காப்பியர் மருட்கையை எண்வகை மெய்ப்பாட்டினுள் ஒன்றாக வைத்தபோது அதனை அகவைக்கேற்பப் பங்கிட்டாரல்லர்.

நமக்கு மிக அணுக்கமான சான்று இரும்புக்கை மாயாவி. 1962-இல் ஆங்கில வார ஏடொன்றில் தோன்றிய இக்கதை, 1972-இல் முத்து காமிக்ஸ் வாயிலாகச் சிவகாசியிலிருந்து தமிழுக்கு வந்தது. விபத்தில் கையிழந்து இரும்புக்கை பூண்ட ஆய்வக உதவியாளன் ஒருவன். மின்சாரம் தாக்கினால் உடல் மறையும், இரும்புக்கை மட்டும் தெரியும். சிறுவன் இதில் காண்பது மறையும் வித்தை. தன்னை எவரும் காணார் என்றறிந்தவுடன் அவன் முதற்கண் குற்றத்தையே நாடினான் என்பது சிறுவனுக்குப் பெரிதாகத் தோன்றாது. முதிர்ந்தவர்க்கோ கதையின் உயிரே அதுதான். மேலும், பால்மரம் சீவிய கையின் உழைப்பு கணக்கில் ஏறியும் சீவியவர் முகம் எவர் கண்ணிலும் படாத தோட்ட வாழ்வை அறிந்தவர், கை மட்டும் தெரியும் அவ்வுருவத்தை எளிதில் கடந்து செல்லார். படைத்தவர் இதனை எண்ணியிருக்கமாட்டார் எனலாம். அதனால் என்ன?

செண்டாயானில் தோட்ட நிலம் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அத்தகைய நெகிரி செம்பிலான் தோட்டங்களில் மதுரைவீரனைக் காவல் தெய்வமாக வணங்கிய பெரியவரை நோக்கி, 'இன்னும் வளரவில்லையா?' என்று எவரும் கேட்டதில்லை. அவ்வீரனும் கைபோனவனே, மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன். ஆனால் அவன் இழந்தது இழந்ததே. அதிவீரனோ அடுத்த இதழில் புண்ணின்றி எழுந்து வருவான். குறை இங்கேதான் உள்ளது; பறத்தலிலும் மறைதலிலும் அன்று. தறுகண்மை பெருமிதம் ஆவது, இழக்கக்கூடியது ஒன்று எதிரே நிற்கும்போதே.

இவ்வகையில் 2023-இல் வந்த 'மாவீரன்' படம் கருதத்தக்கது. அதன் தலைவன் நாளிதழுக்கு வீரக்கதைச் சித்திரம் வரைபவன். தானோ அஞ்சி ஒதுங்குபவன். குடிசைவாசிகளுக்குக் கட்டித் தந்த மாடிவீட்டின் சுவர் உதிர்கின்றது. அவனுக்கு மட்டும் கேட்கும் ஒரு குரல் அவனைச் சண்டைக்கு இழுக்கின்றது. வீரம் குரலுடையதா, அவனுடையதா? இவ்வினா நிற்கும் வரையில் படம் பெரியவர்க்குரியது. சண்டைகள் நீளுந்தோறும் வினா தளர்கின்றது. உதிரும் சுவரும் ஏமாந்த குடும்பங்களும் நெஞ்சில் நிற்குமளவுக்கு, அவன் வீழ்த்திய அடியாட்கள் நிற்கவில்லை.