பரணியில் இல்லாத படைவீரன்

கலிங்கத்துப்பரணியைப் புகழாத தமிழாசிரியர் அரியர். நாமும் அவ்வரிசையில் நின்றவர்களே; அதன் சந்தத் துள்ளலை வகுப்பில் எடுத்துரைக்கையில் நம் குரலும் உயர்ந்ததுண்டு. ஆனால், டயகமத் தோட்டத்துப் பிள்ளைகளின் வினா ஒன்று அண்மையில் நம்மைத் தடுத்து நிறுத்தியது. உலகப் படைத்தலைவருள் தலைசிறந்தவர் யார் என வாதிட்ட அவர்கள், அலெக்சாந்தரையும் நெப்போலியனையும் கடந்து கருணாகரத் தொண்டைமானிடம் வந்து சேர்ந்தனர். அவன் எவ்வாறு வென்றான் என்று ஒருவன் வினவினான். விடை தேடி நூலைப் புரட்டினோம், விடை அகப்படவில்லை.

12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதற் குலோத்துங்கனின் படை பாலாறு, கிருஷ்ணை, கோதாவரி முதலிய ஆறுகளைக் கடந்து வடக்கே சென்றதைச் செயங்கொண்டார் பாடுகிறார். திறை செலுத்தாமையே போருக்குக் காரணம் என்கிறார். எங்கராயன் என்னும் அமைச்சன் கலிங்க வேந்தனுக்குச் சோழரின் வலிமையை எடுத்துரைப்பதையும் காட்டுகிறார். அதன்பின் களிற்றோடு களிறும் புரவியோடு புரவியும் மோதுகின்றன. குருதி ஆறாய்ப் பெருகுகிறது. எந்த அணி முன் நின்றது, எது பகைவரைப் பக்கவாட்டில் வளைத்தது, அத்தனை பேருக்கும் சோறு எங்கிருந்து வந்தது என்பன கவிஞரின் கவலைகள் அல்ல.

காவியத்திடம் போர்க்கலை நூலின் பணியை எதிர்பார்க்கலாமோ எனச் சிலர் கேட்பர். எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஆனால், அதனைத் தமிழர் வீரத்தின் வரலாறு எனப் போதிக்கும்போது, வரலாறு கேட்கும் வினாக்களையும் நாம் கேட்டே ஆகவேண்டும்.

949இல் தக்கோலத்தில் யானைமீதிருந்த சோழ இளவரசன் இராசாதித்தன் பூதுகன் கையால் மாண்டான். சோழர் அணி குலைந்தது. ஏறத்தாழ நூறாண்டுக்குப்பின் கொப்பத்துப் போரில் இராசாதிராசனும் அவ்வாறே யானைமேல் உயிர்விட்டான். அவன் தம்பி இரண்டாம் இராசேந்திரன் களத்திலேயே முடிசூடிப் படையை நிலைநிறுத்தி வென்றான். ஒரு மனிதனை எல்லாரும் காணும் உயரத்தில் ஏற்றி, அவனையே ஆயிரம் பேரின் உயிராக்கி வைத்த அமைப்பின் வலிமையும் நோயும் இவ்விரு களங்களிலும் வெளிப்படுகின்றன. பரணி அந்த அமைப்பைப் போற்றுகிறது. போரில் ஆயிரம் யானைகளை வென்றவனுக்கே பரணி உரியது என்னும் இலக்கணத்தை நோக்குக. யானைக்குக் கணக்குண்டு, அதன் காலடியில் நசுங்கியவனுக்குக் கணக்கில்லை.

எனினும், செயங்கொண்டார் மாபெருங் கவிஞர். தாம் மறைக்க எண்ணியதையும் காட்டிவிடுகிறார். தோற்றோடும் கலிங்க வீரர் ஆடை களைந்து சமணத் துறவிகள் என்கின்றனர். வில் நாணைப் பூணூலாக்கி அந்தணர் என்கின்றனர். யானை மணியைத் தாளமாக்கிப் பாணர் என்கின்றனர். கவிஞர் இதனை நகைப்புக்கென்றே பாடினார். நமக்கோ நகைப்பு வரவில்லை. அரசன் செலுத்தாத திறைக்காக உயிர்விட விரும்பாத எளிய மனிதர் அவர்கள். அவ்வரசனாகிய அனந்தவர்ம சோடகங்கனோ போருக்குப் பின்னும் பல்லாண்டு ஆண்டான். பூரியில் சகந்நாதர் கோயிலை எழுப்பத் தொடங்கினான். மாண்டவரை வைத்துப் பேய்கள் கூழ் அட்டன. போரினால் வேந்தனுக்குத் திறை, பேய்க்குக் கூழ். வீரனோ அந்தக் கூழாகவே ஆனான்.

இனி நம் மலைநாட்டைப் பார்ப்போம். 1594இல் தந்துறையிலும் 1630இல் ரந்தெனிவெலவிலும் போர்த்துக்கேயப் படை அழிந்தது. குறுகிய கணவாய்களும் அறுபட்ட உணவு வழியும் அதற்குக் காரணமாயின. ஆயினும், அவர்களிடம் பணிபுரிந்த லஸ்கரீன்கள் என்னும் சிங்கள வீரர் அணி விட்டு நீங்கியதே பேரிடியாயிற்று. பெயரற்ற அந்த மனிதர் திரும்பி நின்ற கணத்தில் தளபதியின் மேதைமை செல்லாக் காசாயிற்று. 1638இல் இரண்டாம் இராசசிங்கன் பகைவரை வெறுமையான கண்டிக்குள் நுழையவிட்டு, திரும்பும் வழியில் கன்னொறுவையில் வளைத்து அழித்தான்.

1803இல் கண்டியில் படையை இழந்த ஆங்கிலேயர் இப்பாடத்தை நன்கு கற்றனர். 1815இல் பிரதானிகளின் துணையோடு கண்டியைப் பெற்றனர். 1818இல் ஊவா மக்களின் கிளர்ச்சியைப் பயிரையும் வீட்டையும் எரித்து அடக்கினர். பின்னர் மலையின் அரணையே உடைக்கச் சாலை வெட்டினர். படைக்கென வெட்டிய சாலையில் விரைவில் கோப்பி இறங்கியது. தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் 1820களில் தம் கோப்பித் தோட்டத்தை அமைத்ததும் அதே கன்னொறுவையில்தான்! அக்கோப்பிக்காகவே தமிழகத்திலிருந்து நம் முன்னோர் காடும் பசியும் கடந்து மலையேறினர். வழியில் மாண்டோர் பலர். அவர்களுக்குப் பரணி பாடுவார் இல்லை.

ஆகவே நண்பர்களே, பரணியை வகுப்பிலிருந்து அகற்றுமாறு நாம் கூறவில்லை. அதன் தமிழைச் சுவைப்போம், சுவைத்தபின் கேட்போம். 1983 முதல் 2009 வரை போர் தின்ற நாட்டில் வாழ்கிறோம். இன்றும் நம் பிள்ளைகள் தளபதிகளைத் தரவரிசைப்படுத்துகிறார்கள் என்றால், குற்றம் அவர்களுடையதன்று. நாம் கற்பித்த முறையினுடையது. எவன் வென்றான் என்பதோடு, எவன் சுமந்தான், எவன் பசித்தான், எவன் கூழானான் என்று கேட்கவும் அவர்களைப் பழக்குவோம். அந்த மாணவனுக்கு நாம் கடன்பட்டுள்ள விடை அதுவே.