முயல்கள் படிக்கவொண்ணாத பலகை

விலங்குகளைப் பாத்திரங்களாகக் கொண்டு தீட்டப்படும் சித்திரப் படங்கள் குழந்தைகளைச் சிரிக்க வைப்பதற்கென்றே ஏற்பட்டவை என்னும் எண்ணம் நம்மவரிடையே வேரூன்றி நிற்கிறது. "கார்ட்டூன்தானே, போட்டுவிடு" என்று கூறிவிட்டுப் பெரியவர்கள் அடுக்களைக்கோ வாசலுக்கோ சென்றுவிடுகின்றனர். அவர்கள் சென்ற பின்னர்த் திரையில் நிகழ்வது யாது என்பதைப் பிள்ளைகளே அறிவர். நாமும் அவ்வாறு தனித்து விடப்பட்ட பிள்ளைகளுள் ஒருவராதலின், அன்று நம்மை நடுங்க வைத்த காட்சிகளை முப்பது வயது கடந்த இந்நாளில் மீண்டும் கண்டு, அவ்வச்சம் பொருளுடையதா அன்றி வெறும் பூச்சாண்டியா என ஆராயத் துணிந்தோம்.

இதற்குத் தூண்டுகோலாயிருந்தது ஒரு செய்தி. 1978இல் வெளிவந்த 'வாட்டர்ஷிப் டவுன்' என்னும் முயற்படத்துக்கு இங்கிலாந்துத் திரைப்படத் தணிக்கைக் குழு, யாவரும் பார்க்கத்தக்கது என்று அந்நாளில் சான்று வழங்கிற்று. 2022இல் அதே குழு தன் முடிவை மாற்றி, பெற்றோர் வழிகாட்டுதல் வேண்டும் என்று விதித்தது. வன்செயல், அச்சுறுத்தல், இரத்தம், கடற்பறவை ஒன்றின் வாயில் வரும் வசைச்சொல் ஆகியவையே காரணங்கள். வசைச்சொல்லைப் பற்றி நாம் வாதிடப் போவதில்லை; தோட்டத்துப் பிள்ளைகள் பெரட்டுக் களத்திலேயே அதனினும் கொழுத்த சொற்களைக் கேட்டு வளர்ந்தவர்கள். ஆயின், இப்படத்தின் அச்சம் இரத்தத்தில் இருக்கிறதென்று கொள்வது பிழை என்பதே நம் கருத்து.

நாம் பிறந்து வளர்ந்தது ஒரு செம்பனைத் தோட்டத்து லயத்தில். வாரந்தோறும் கூடும் பசார் மாலாமில் வி.சி.டி. தட்டுகள் மலிவாகக் கிடைத்த காலம் அது. அட்டையில் மானோ முயலோ சிங்கமோ இருந்தால் போதும், அம்மா வாங்கிவிடுவார். தாய்மாமன் பணம் கட்டி நம்மை ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்த்திருந்தமையால், படத்தில் பேசுவதையும் எழுதியிருப்பதையும் தங்கைக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் தமிழில் சொல்லும் வேலை நம்முடையதாயிற்று. அப்போது நமக்கு எட்டு வயது.

முதலில் கண்டது 'பாம்பி'. ஆஸ்திரிய எழுத்தாளர் பெலிக்ஸ் சால்ட்டன் 1923இல் வெளியிட்ட கதையைத் தழுவி, வால்ட் டிஸ்னி நிலையத்தார் 1942இல் தந்த படம். பனிக்காலம் முடியுந் தறுவாயில் புதிதாய்த் தலைகாட்டிய புல்லைத் தாயும் கன்றும் மேய்கின்றன. தாய் தலை நிமிர்த்துகிறது. இரண்டும் ஓடுகின்றன. ஒரு வேட்டொலி. கன்று புதரை அடைந்து திரும்பிப் பார்க்கையில் தாய் இல்லை. விழுந்த உடலைக் காட்டவில்லை. துளி இரத்தமும் இல்லை. கொட்டும் பனியில் கன்று அழைத்துக்கொண்டே அலைவதை மட்டும் காட்டினர். வேட்டையாடியவனோ படம் முழுதும் ஒருமுறையேனும் கண்ணிற்படுவதில்லை. காட்டு விலங்குகளுக்கு அவன் ஓர் ஒலி, ஒரு நெருப்பு, அவ்வளவே. சீனத்திலிருந்து அமெரிக்கா சென்ற ஓவியர் டைரஸ் வாங் தீட்டிய மூடுபனிக் காடுகள் இந்த அச்சத்துக்குப் பெருந்துணை புரிந்தன. எந்த மரத்தின் பின்னால் எது நிற்கிறதென்று அறிய முடியாத காடு அது; விடியற்காலையில் செம்பனை நிரைகளுக்கிடையே நடந்தவர்களுக்கு அவ்வுணர்வைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை.

ஆனால் இப்படத்தின்மீது நமக்கொரு மனக்குறை உண்டு. தாய் மாண்ட காட்சி மங்கி முடியுமுன்னர் வசந்தம் வந்து பறவைகள் பாடத் தொடங்கிவிடுகின்றன. நம் தங்கை அப்போது விம்மிக்கொண்டிருந்தாள். திரையில் பாட்டு, பாயில் அழுகை. அழுவதற்கு அரை நிமிடமும் கொடாத அந்த அவசரம் எதற்கு? குழந்தைகள் துயரத்தைத் தாங்கார் என்று அஞ்சியவர்கள், அத்துயரத்தை அவர்கள் மடியில் போட்டுவிட்டுத் தாம் ஓடிவிட்டார்கள் என்றே சொல்லத் தோன்றுகிறது.

1994இல் வெளிவந்த 'லயன் கிங்' படத்தில் இந்தக் குறை இல்லை. ஓடும் மாட்டு மந்தையின் காலடியில் மடிந்த தந்தைச் சிங்கத்தின் காதைப் பற்றி இழுத்து எழுப்பப் பார்க்கிறது குட்டி. எழாதெனத் தெரிந்ததும் அதன் கைக்கடியிலேயே நுழைந்து படுத்துக்கொள்கிறது. இதனைக் கண்டு கலங்காதவர் அரியர். எனினும் அங்கே அச்சமெல்லாம் ஒரு கொடிய சிற்றப்பன் மேலேயே ஏற்றப்படுகிறது. அவன் தொலைந்தான், மழை பெய்தது, புல் முளைத்தது, கணக்கு முடிந்தது. எலும்புக் காட்டில் பசியோடு கிடக்கும் கழுதைப்புலிகள் ஏன் அங்கே கிடக்கின்றன என்று படம் கேட்பதே இல்லை. பிறப்பால் ஒருவனுக்கு அரசுரிமையும் பிறப்பால் வேறொருவனுக்கு நிழலும் எலும்பும் என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் கதையை, அது எத்துணை அழகாகத் தீட்டப்பட்டிருப்பினும், நாம் முழுமனத்தோடு பாராட்ட இயலவில்லை.

இதனினும் மெய்யானது 1940ஆம் ஆண்டுப் 'பினோக்கியோ'வில் வரும் கழுதைப் பகுதி. இன்பத் தீவென்று ஆசை காட்டி வண்டியேற்றிய சிறுவர்கள் கழுதைகளாக மாறிப் பெட்டிகளில் அடைபட்டு உப்புச் சுரங்கத்துக்கு விற்கப்படுகிறார்கள். ஒரு கழுதைக்குப் பேச்சு இன்னும் போகவில்லை. அது வீட்டுக்குப் போகவேண்டுமென்று கெஞ்சுகிறது. விற்றவனுக்குப் படம் முடியும்வரை தண்டனையே இல்லை. ஆசை வார்த்தை கேட்டுக் கப்பலேறிய பாட்டன்மாரின் பேரர் ஒருவர் இக்காட்சியை எவ்வாறு காண்பார் என்று அதனைத் தீட்டியவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள்.

நிற்க. நாம் சொல்ல வந்தது முயல்களைப் பற்றி.

ரிச்சர்ட் ஆடம்ஸ் 1972இல் வெளியிட்ட நாவலை மார்ட்டின் ரோசன் என்பார் படமாக்கினார். தொடக்கத்திலேயே, அந்தி வேளையில் இரண்டு முயல்கள் வயலோரம் வருகின்றன. அவற்றுள் சிறியதாகிய ஃபைவர் என்பதற்கு வயல் முழுதும் இரத்தம் படர்வதாகத் தோன்றுகிறது. அருகே ஒரு பலகை நடப்பட்டிருக்கிறது. அந்நிலத்தில் வீடுகள் எழும்பப் போகின்றன என்பது அதன் செய்தி. முயல்களுக்கு எழுத்துத் தெரியாது. அவை அதைக் கடந்து செல்கின்றன. "அண்ணே, பலகையில் என்ன போட்டிருக்கு?" என்று தங்கை கேட்டாள். படித்துச் சொன்னோம். "அப்படியானால் முயலுங்க எங்கே போகும்?" என்றாள். அந்த அறையில் அச்சம் நுழைந்தது அப்போதுதான். இரத்தம் படர்ந்தபோது அன்று.

தலைவன் முயலிடம் ஃபைவர் முறையிடுகிறது. தலைவன் கோபிக்கவில்லை, நயமாகக் கேட்டு, நயமாக அனுப்பிவிடுகிறான். சில முயல்கள் மட்டும் இரவோடு இரவாக வெளியேறுகின்றன. வழியில் ஒரு வளை, அங்குள்ள முயல்கள் கொழுத்திருக்கின்றன, குடியானவன் காய்கறி போடுகிறான், கண்ணியும் வைக்கிறான். காணாமற்போன முயல் எங்கே என்று கேட்பது அங்கே ஒழுக்கக் குறைவு. பிக்விக் என்னும் வலிய முயல் கண்ணியிற் சிக்கி வாயில் நுரையும் குருதியுமாகக் கிடக்கும் காட்சியைத்தான் பலரும் கொடுமை என்பர். நமக்கோ, கேட்கக்கூடாத அந்தக் கேள்வியே அதனினும் கொடியதாகப்பட்டது.

பின்னர், பழைய வளையிலிருந்து தப்பிவந்த ஹோலி என்னும் முயல், நடந்ததைச் சொல்கிறது. வழிகளெல்லாம் அடைக்கப்பட்டன, காற்று நஞ்சாயிற்று, வெளியேற முண்டியடித்த உடல்களே வழியை மேலும் அடைத்தன. இப்பகுதியை மட்டும் வேறொரு பாணியில், இருளிற் சுழலும் வடிவங்களாகவும் விரிந்த கண்களாகவும் தீட்டியிருக்கிறார்கள். இதைச் செய்த மனிதர்களுக்கு முயல்கள்மீது பகையில்லை. இங்கே கொடியவன் என்று காட்டுவதற்கு ஒரு முகமும் இல்லை. ஒரு பலகை இருக்கிறது.

படத்தின் பிற்பாதி நமக்கு அத்துணை உவப்பன்று. வூண்ட்வோர்ட் என்னும் சர்வாதிகார முயலோடு நிகழும் போர் விறுவிறுப்பானதே. ஆயினும் கொடியவனுக்கு முகம் கிடைத்தவுடன் அச்சம் பாதி குறைந்துவிடுகிறது. இடையே வரும் புகழ்பெற்ற பாட்டும் காட்சிக்கு இனிப்பைக் கூட்டிவிட்டது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளான வரலாறு இப்பக்கங்களைப் படிப்போர் அறியாததன்று. சில ஆண்டுகளுக்கு முன் நாம் கிராணியாயிருந்த தோட்டத்திலும் அது நடந்தது. லயங்களைக் காலி செய்யும்படி மலாயிலும் ஆங்கிலத்திலும் ஓர் அறிவிப்பு. தட்டச்சு செய்தவரும் நாமே. ஆபீசு வாசற் பலகையில் ஒட்டியவரும் நாமே. ஒட்டிக்கொண்டிருக்கையில், ஆயாக் கொட்டகையில் நம்மைத் தூக்கி வளர்த்த பாட்டி ஒருவர் வந்து நின்றார்.

"என்ன போட்டிருக்கு, தம்பி?"

"ஒண்ணுமில்லே பாட்டி. ஆபீஸ் சமாசாரம். பிறகு கூட்டம் போட்டுச் சொல்லுவாங்க."

எட்டு வயதில் தங்கைக்குப் படித்துச் சொன்னதை, வயது வந்தபின் அந்தப் பாட்டிக்குப் படித்துச் சொல்ல நமக்கு நாவெழவில்லை. நயமாகப் பேசி அனுப்பிவிட்டோம். கூட்டம் நடந்தபோது எஞ்சியிருந்த நாட்கள் குறைவு. படத்தில் வரும் தலைவன் முயலை நாம் இன்று ஏளனம் செய்வதில்லை.

ஆதலால் இப்படத்தைப் பிள்ளைகளிடமிருந்து மறைக்க வேண்டுமென்பாரோடு நாம் உடன்படவில்லை. பெற்றோர் வழிகாட்டுதல் என்று குழு கூறியதை, பெற்றோர் அருகே உட்கார வேண்டும் என்று பொருள் கொண்டால் அது நல்ல விதியே. அண்மையில் நம் மகளோடு அமர்ந்து மறுபடியும் பார்த்தோம். அவளுக்கு வயது ஏழு. ஹோலியின் கதை தொடங்கியதும் நம் கை தானாகவே நிறுத்தும் பொத்தானைத் தேடிற்று. "வேண்டாம்பா, விடுங்க" என்றாள். கண்ணை மூடவுமில்லை. அது முடிந்தபின் சற்று நேரம் பேசாதிருந்து, "அந்தப் பலகையை எழுதினது யாருப்பா?" என்றாள்.

நாம் அறிந்தவரை சொன்னோம். நம் அறிவிப்பையும் சொன்னோம். அவள் கேட்டுக்கொண்டாள். பின்னர், கடற்பறவை வரும் பகுதியை இன்னொரு முறை போடச் சொன்னாள்.