பெரிய எஞ்சினோடு வரும் பிறேக்

திருகோணமலையில் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவருக்கு முன்னால் எந்த நேரத்தில் எது வந்து நிற்கும் என்று சொல்ல முடியாது. நகருக்குள் புள்ளிமான்கள், பிரெட்ரிக் கோட்டைப் பக்கமிருந்து இறங்கி வீதியோரம் மேய்ந்துகொண்டிருக்கும். மட்டக்களப்பு வீதியில் பொழுது பட்டதும் சூடு ஆறாத தாரின் மேல் மாடுகள் படுத்துவிடும். கந்தளாயைத் தாண்டி ஹபரணைப் பக்கம் போனால் யானை. நூறு சிசியை விட்டு நூற்றைம்பதுக்கு மாறலாமா என்று இந்த ஊரில் ஒருவர் கேட்டால், எஞ்சினுக்கு முன் பிறேக்கைப் பற்றித்தான் பேச வேண்டும்.

கேள்வியைக் கேட்பவர் பெரும்பாலும் பஜாஜ் சிடி 100 வைத்திருப்பவர். அவர் கண் வைத்திருப்பது யமஹா எஃப்இசட், அதிலும் 2019இல் வந்த மூன்றாம் பதிப்பு. இரண்டின் விபரங்களையும் கராஜில் நிற்கும் பொடியனே ஒப்புவிப்பான்: அங்கே 99.27 சிசி, நான்கு கியர், எட்டுக் குதிரைவலுச் சொச்சம்; இங்கே 149 சிசி, ஐந்து கியர், பதின்மூன்று சொச்சம். இந்தக் கடைசி எண்ணில் யமஹாமீது ஒரு மனத்தாங்கல் உண்டு. 2008இல் முதல் எஃப்இசட் வந்தபோது வலு 14 ஆக இருந்தது. பெயரை அப்படியே வைத்துக்கொண்டு, பிறகு அதைக் குறைத்துவிட்டார்கள்.

நகருக்குள் அந்தக் குறை தெரியாது. கூட்டிய வலுவும் தெரியாது. மட்டிக்களியிலிருந்து சந்தைக்குப் போய்வர நூறு சிசி தாராளம். உவர்மலை ஏற்றத்தில் இரண்டு பேரோடு சிடி கொஞ்சம் முனகும். இரண்டாம் கியரில் ஏறிவிடும். பல வாரங்கள் எஃப்இசட்டை ஓட்டிப் பார்த்தாலும், கடற்படைத்தளத்துக்கும் அனுராதபுரச் சந்திக்கும் இடையில் அது சிடியை விட நேரத்தை மிச்சம் பிடித்துத் தராது.

வித்தியாசம் சீனக்குடா தாண்டியதும் தொடங்குகிறது. பிறிமா மா ஆலையிலிருந்தும் டோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலையிலிருந்தும் பாரம் ஏற்றிய லொறிகள் ஏ-6 வீதியில் கந்தளாயை நோக்கிப் போகின்றன. பின்னால் ஆளை வைத்துக்கொண்டு சிடியில் ஒரு லொறியை முந்துவதென்றால் எதிரே நெடுந்தூரம் வெறுமையாக இருக்க வேண்டும். எஃப்இசட் அந்தத் தூரத்தைக் கணிசமாகச் சுருக்கிவிடுகிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் கிண்ணியாப் பாலத்திலும் இதை உணரலாம். முன்பு படகுப் பாதையில் கடந்த இடத்தில் 2009இல் திறந்த 396 மீற்றர் பாலம் அது. இரு பக்கமும் தண்ணீர், காற்றுக்கு மறைப்பே இல்லை. இருபது கிலோவுக்கு மேல் கூடிய எடையும் அகன்ற ரயரும் அங்கே வண்டியைப் பிடித்து நிறுத்துகின்றன.

இனி பிறேக். சிடி 100இல் முன்னும் பின்னும் ட்ரம். எஃப்இசட் மூன்றாம் பதிப்பில் இரண்டு சில்லுக்கும் டிஸ்க், முன்சில்லுக்கு ஏபிஎஸ். வாடைமழைக் காலத்தில் தேங்கிய வெள்ளத்துக்குள் இறங்கி ஏறிய ட்ரம் பிறேக், உள்ளே போன தண்ணீர் காயும்வரை பாதி வேலைதான் செய்யும். டிஸ்க் வெளியே திறந்து கிடப்பதால் ஓரிரு தடவை பிடித்ததும் துடைபட்டுவிடும். ஏபிஎஸ்ஸின் வேலை இன்னும் பெரியது. சில்லு சுற்றாமல் இறுகப் போவதை ஓர் உணரி கண்டுபிடித்து, பிறேக் அழுத்தத்தை ஒரு நொடிக்குள் பல தடவை விட்டுவிட்டுப் பிடிக்கிறது. நிலாவெளி வீதியில் காற்று கொண்டுவந்து கொட்டிய மணலின் மேல் முன்பிறேக்கை இறுக்கினால், நெம்பில் ஒரு துடிப்பு தெரியும். வண்டி சறுக்காமல் நேராக நிற்கும். சிடியில் அதே இடத்தில் அதே அளவு இறுக்கிப் பார்க்க யாரும் துணியமாட்டார்கள்.

முன்பிறேக்கைப் பிடித்தால் குப்புற விழுவோம் என்ற பயம் நம் ஊரில் ஆழமானது. பலர் காலால் பின்பிறேக்கை மட்டுமே மிதிக்கிறார்கள். வேகம் குறையும்போது வண்டியின் பாரம் முன்சில்லுக்குப் போகிறது, பின்சில்லு இலேசாகிறது. ஆகவே நிறுத்தும் பலத்தின் பெரும்பகுதி முன்னாலேயே இருக்கிறது. ஏபிஎஸ் வண்டியை வாங்கிவிட்டுப் பின்பிறேக்கை மட்டும் மிதித்தால் கொடுத்த காசு வீண். எஃப்இசட்டில் பின்சில்லுக்கு ஏபிஎஸ் இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. ஆளில்லாத நேரம் பார்த்து ஒரு மைதானத்தில் முன்பிறேக்கைப் படிப்படியாக இறுக்கிப் பழக வேண்டும்.

இந்த நல்ல பிறேக் நூற்றைம்பதோடுதான் வர வேண்டும் என்று பொறியியல் விதி எதுவும் இல்லை. இந்தியா 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏபிஎஸ்ஸைக் கட்டாயமாக்கியது. அதற்குக் கீழே, முன்னும் பின்னும் சேர்ந்து பிடிக்கும் இணைப்புப் பிறேக் போதும் என்று விட்டது. நமக்கு வரும் வண்டிகள் பெரும்பாலும் இந்தியாவில் செய்தவை என்பதால் அந்தக் கோடு இங்கேயும் நீள்கிறது. மாடு படுத்திருக்கும் வீதியில் அதிகம் ஓடுவது நூறு சிசிதான். அதை ஓட்டுபவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்காதது அநியாயம்.

இன்னொரு கணக்கும் உண்டு. மணிக்கு 50 கிலோமீற்றரில் போகிறவர் 70க்கு ஏறினால், பிறேக் பிடித்தபின் வண்டி ஓடி நிற்கும் தூரம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. அந்தத் தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வது. சிடி 70ஐத் தொடும்போது எஞ்சினே கத்தி எச்சரிக்கும். எஃப்இசட் அதே வேகத்தில் அமைதியாக ஓடும். அந்த அமைதியில் மயங்கினால் புதிய பிறேக் தந்த இலாபம் முழுவதும் கரைந்துவிடும்.

மாறுபவர்கள் எரிச்சல்படப் போவது கியரில். சிடியில் நான்கு கியரும் கீழ்நோக்கி மிதிப்பவை. எஃப்இசட்டில் முதல் கியர் கீழே, மற்றவை மேலே. வருடக்கணக்காக மிதித்துப் பழகிய கால் கியரைக் கூட்டுவதாக எண்ணி மிதிக்கும். வண்டி ஒரு கியர் இறங்கித் திமிறும். லொறியை முந்தும் நடுவில் இது நடந்தால் விளையாட்டல்ல. குதிக்காலால் மிதிக்கும் பின்பக்க நெம்பும் எஃப்இசட்டில் இல்லை, மேல் கியர்கள் எல்லாமே பெருவிரலால் தூக்க வேண்டியவை. செருப்போடு வண்டி ஓட்டும் ஊரில் பெருவிரல் நகத்தடியில் வலி நிச்சயம். சப்பாத்துப் போட வேண்டும்.

சாமான் ஏற்றவும் எஃப்இசட் ஒத்துவராது. சிடியின் பின்கரியரில் மீன்பெட்டியைக் கட்டலாம், அரிசி மூட்டையைக் கிடத்தலாம். எஃப்இசட்டின் பின் இருக்கை உயர்ந்து குறுகியது. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களை ஏற்றிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

செலவுக்கு வருவோம். கவனமாக ஓட்டினால் சிடி லீற்றருக்கு 60 கிலோமீற்றரை ஒட்டித் தரும், எஃப்இசட் 45ஐ ஒட்டி. 2022 ஜூலையில் எரிபொருளைப் பங்கிடக் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர்தான் பெற்றோல். திருகோணமலையிலிருந்து கிண்ணியாவுக்கு நாளாந்தம் போய்வர ஏறத்தாழ 40 கிலோமீற்றர். அந்த 4 லீற்றரில் சிடிக்காரர் ஆறு நாள் வேலைக்குப் போகலாம். எஃப்இசட்காரருக்கு நாலரை நாளில் தீர்ந்துவிடும். பிரிட்டிஷார் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் 99 நின்ற ஊரிலும் வரிசையில் கிடந்த நாட்கள் அவை. அந்த நினைவு உள்ளவர்கள் மைலேஜைச் சின்ன விடயமாக எடுக்கமாட்டார்கள்.

அனுமதிப்பத்திரத்தையும் எடுத்துப் பாருங்கள். ஏ1 வகுப்பு 100 சிசி வரைக்கும்தான். அதற்கு மேலே ஏ வகுப்பு வேண்டும். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது. இடையில் பழைய வண்டிகளே கை மாறின. விற்பவர் எல்லாவற்றையும் எஃப்இசட் என்றே சொல்வார். இரண்டாம் பதிப்பில் ஏபிஎஸ் கிடையாது. முன்சில்லின் நடுவில், டிஸ்க்கோடு ஒட்டிச் சிறிய துளைகள் கொண்ட உணரி வளையம் இருக்கிறதா, சாவியைப் போட்டதும் மீற்றரில் ஏபிஎஸ் விளக்கு எரிந்து, ஓடத் தொடங்கியதும் அணைகிறதா என்று பார்த்தே காசு கொடுக்க வேண்டும்.

நகருக்குள்ளும் பாலையூற்று, உப்புவெளி வரையும் மட்டுமே ஓட்டுபவர் சிடியை விற்க வேண்டாம். ட்ரம் பிறேக்கின் ஷூக்களை மாற்றி, நல்ல ரயர் போட்டால் போதும். கிண்ணியாவுக்கோ மூதூருக்கோ நாளாந்தம் போகிறவரும், மாதத்தில் சில தடவையாவது கந்தளாய் தாண்டுகிறவரும் மாறலாம், ஏபிஎஸ் உள்ள மூன்றாம் பதிப்புக்கு மட்டும்.